சுவரில் பல்லி, சுவரில் ஆணி: ஆங்கிலத்தின் இடச்சொற்கள்

சுவரில் பல்லி இருக்கிறது. சுவரில் ஆணி இருக்கிறது. சுவரில் விரிசல் இருக்கிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் பல்லிக்கு 'ஆன்'. ஆணிக்கும் விரிசலுக்கும் 'இன்'. பல்லி மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆணி உள்ளே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அப்படியானால் மரத்துக்கு வாருங்கள். மரத்தில் குருவி, மரத்தில் மாங்காய். குருவி உட்கார்ந்திருப்பது கிளையின் மேல். ஆனாலும் அதற்கு 'இன் தி ட்ரீ'. மாங்காய் அதே கிளையில் தொங்குகிறது. அதற்கு 'ஆன் தி ட்ரீ'. ஒட்டுவது, இறங்குவது என்ற கணக்கு இங்கே உதவாது. குருவி எங்கிருந்தோ பறந்து வந்து இலைகளுக்கு நடுவே தங்கியது, மாங்காய் மரத்திலேயே காய்த்தது என்பதைக் கணக்கில் கொண்டால்தான் இந்த வேறுபாடு பிடிபடும்.

பள்ளியில் பிரிபொசிஷன் என்று படித்த இந்த முன்னிடைச்சொற்கள், ஆங்கிலத்தை நன்கு கற்றவர்களையும் கடைசிவரை விடுவதில்லை. காலம் காட்டும் வினைகள் வசப்பட்டுவிடும், சொற்களஞ்சியம் பெருகிவிடும், நீளமான வாக்கியங்கள் தடுமாற்றமில்லாமல் வரும். பிறகும் 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும் அங்கங்கே பிசகும். ஒரு காரணம் எளிது. இந்தப் பிசகு பொருளை மறைப்பதில்லை. 'இன் தி பஸ்' என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகு யாரும் திருத்தமாட்டார்கள். திருத்தப்படாத பிழை பழக்கமாகிறது. இன்னொரு காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது; அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தமிழில் இடம் காட்டும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்று பெயரிட்டு, அந்தப் பொருளில் வரும் சொற்கள் 19 என்று பட்டியலிடுகிறது. மேல், கீழ், உள், புறம், முன், பின், இடை, வலம், இடம் எல்லாம் அதில் உண்டு. நன்னூல் காலத்தில் அந்தப் பட்டியல் 28 ஆகிறது. இன்று நாம் எங்கும் பயன்படுத்தும் 'இல்' அதில் கடைசியாக நிற்கிறது. இடத்தை நுணுக்கமாகச் சொல்லத் தமிழனுக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. வேறுபாடு கட்டாயத்தில் இருக்கிறது. மேசையில் புத்தகம் இருக்கிறது என்றால் பேச்சு முடிந்தது. மேசையின் மேலா, இழுப்பறைக்குள்ளா என்ற ஐயம் எழுந்தால்தான் 'மேசை மேல்' என்றோ 'மேசைக்குள்' என்றோ சொல்வோம். தமிழில் நுணுக்கம் பேசுகிறவரின் விருப்பம். ஆங்கிலத்தில் அது கட்டாயம். பொதுவான 'இல்'லுக்கு ஈடாக ஒன்றும் அங்கே கிடையாது. வாயைத் திறக்கும்போதே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தன் தாய்மொழி ஒருநாளும் கேட்காத ஒரு கேள்விக்குத் தமிழர் நொடிக்கு நொடி விடை சொல்லவேண்டியிருக்கிறது.

இது தமிழருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. ஸ்பானிய மொழியிலும் ஒரே சொல் 'இன்', 'ஆன்' இரண்டின் வேலையையும் பெரும்பாலும் பார்த்துவிடுகிறது. டச்சு மொழி நேரெதிர்: மேசை மேல் கோப்பை, சுவரில் படம், விரலில் மோதிரம் என்று ஆங்கிலம் 'ஆன்' போட்டு முடிக்கும் மூன்றுக்கும் அங்கே மூன்று தனிச் சொற்கள். கொரிய மொழி இன்னும் வேறு திசையில் போகிறது. அதில் உள்ளே, மேலே என்பதைவிட, இறுக்கமாகப் பொருந்துகிறதா தளர்வாகக் கிடக்கிறதா என்பதுதான் முதன்மை. விரலில் மோதிரம் போடுவதும் உறைக்குள் ஒலிநாடாவைச் செருகுவதும் கொரியனுக்கு ஒரே வினை. கூடைக்குள் பழம் போடுவது வேறு வினை. மெலிசா பவர்மனும் சூஞ்சா சோயும் இதைக் குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். பேசத் தொடங்கும் வயதிலேயே கொரியக் குழந்தை கொரிய வழியிலும், ஆங்கிலக் குழந்தை ஆங்கில வழியிலும் உலகத்தைப் பிரிக்கக் கற்றுவிடுகிறது என்று கண்டார்கள். வெளியுலகம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். அதை வெட்டும் கோடுகளை மொழிதான் போடுகிறது.

ஆங்கிலம் போடும் கோடு எது? இலக்கண நூல்களின் விடை வடிவக் கணிதத்தில் இருக்கிறது. ராண்டால்ஃப் குவெர்க்கும் மற்ற மூவரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் இதைத் தெளிவாக வகுத்தது: இடத்தைப் புள்ளியாகக் கண்டால் 'அட்', கோடாகவோ பரப்பாகவோ கண்டால் 'ஆன்', சூழ்ந்த பகுதியாகவோ கொள்ளளவாகவோ கண்டால் 'இன்'. நம் ஊர்ப் பயிற்சி நூல்கள் இதைச் சுருக்கித் தருகின்றன. தொடக்க நிலைக்கு இது போதும். மேல்நிலையில் இதே விதி கண்ணைக் கட்டிவிடுகிறது. பேருந்துக்கு மூன்று பரிமாணமும் உண்டு, ஏன் 'ஆன்'?  

1986இல் அனெட் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதிய நூல் இந்தக் கணிதத்தின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது. அவர் தந்த பழக் கிண்ண உதாரணம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கிண்ணத்தில் பழங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஒரு பேரிக்காய். அது கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே நிற்கிறது, கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் அது 'இன் தி போல்'தான். கிண்ணத்தைத் தூக்கினால் பேரிக்காயும் கூடவே வரும், அது உருண்டு போகாமல் கிண்ணம்தான் பார்த்துக்கொள்கிறது என்பதே 'இன்' வருவதற்கு ஆதாரம்.

அதே ஆண்டில் பிரெஞ்சு மொழியின் இடச்சொற்களை ஆராய்ந்து நூல் வெளியிட்ட க்ளோட் வாந்தெலுவாஸ் இன்னும் கூர்மையான சோடியைக் கொண்டுவந்தார். மின்விளக்கின் அடிப்பகுதி மட்டும் ஹோல்டருக்குள் இருக்கிறது. விளக்கு ஹோல்டருக்கு 'உள்ளே' என்று சொல்லலாம். பாட்டிலின் வாய் மட்டும் மூடிக்குள் இருக்கிறது. பாட்டில் மூடிக்கு 'உள்ளே' என்று சொல்ல முடியாது. கணிதம் இரண்டிலும் ஒன்றே. ஹோல்டர் விளக்கைப் பிடித்துவைத்திருக்கிறது. மூடியோ பாட்டிலைப் பிடித்துவைக்கவில்லை, பாட்டில்தான் மூடியைத் தாங்குகிறது. ஆங்கிலத்திலும் இதே நிலைதான். கார்க் 'இன் தி பாட்டில்', மூடி 'ஆன் தி பாட்டில்'. பாட்டில் எதற்குள்ளும் இல்லை.

பிறகு வந்த உளவியல் சோதனைகள் இந்த எண்ணத்தை வலுப்படுத்தின. கென்னி கோவன்ட்ரியும் கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆழமில்லாத ஒரே பாத்திரத்தை 'டிஷ்' என்று சொல்லிக் காட்டியபோது மக்கள் 'இன்' பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். தட்டு என்று சொன்னபோது 'ஆன்' பக்கம் சாய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றே. பெயரோடு வந்த பயன்பாடு விடையை மாற்றிவிட்டது. மிஷெல் ஃபைஸ்ட், டெட்ரே ஜென்ட்னர் செய்த சோதனை எனக்கு இதைவிடப் பிடித்தது. உள்ளங்கையில் ஒரு நாணயம், உள்ளங்கையில் ஒரு மின்மினி. நாணயத்துக்கு 'இன்' சொன்ன அளவுக்கு மின்மினிக்குச் சொல்லவில்லை. நாணயம் கையின் பிடியில் இருக்கிறது; மின்மினி நினைத்தால் பறந்துவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மேல்நிலை மாணவருக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது. இடம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அந்த இடம் பொருளை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். பிடித்துவைத்தால், சூழ்ந்து காத்தால் 'இன்'. தாங்கினால், சுமந்தால், ஒட்டிக்கொள்ள இடம் தந்தால் 'ஆன்'. இரண்டுமில்லாமல் ஒரு செயலுக்குக் களமாகவோ, ஒருவரைத் தேடிப்போக அடையாளமாகவோ நின்றால் 'அட்'. இருக்கைகளில்கூட இது வேலை செய்யும். கைவைத்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் 'இன்', கையில்லாத ஸ்டூலில் உட்கார்ந்தால் 'ஆன்'. போர்த்திக்கொண்டு தூங்குபவர் 'இன் பெட்'. சட்டை, துண்டு, மடிக்கணினி எல்லாம் 'ஆன் தி பெட்'.

ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் வீச்சு முழுவதும் தெரியும். காவிரியே ஆகட்டும். மீன் காவிரியில் 'இன்'. குளிப்பவரும் 'இன்'. ஒகேனக்கல்லில் பரிசல் காவிரியில் 'ஆன்'. தண்ணீர் அதைச் சுமக்கிறது. பரிசலில் உட்கார்ந்தவர் பரிசலுக்கு 'இன்'. அது அவரைச் சூழ்ந்திருக்கிறது. திருவரங்கம் காவிரிக்கு நடுவே உள்ள தீவு. அது 'இன் தி காவேரி'. திருச்சியோ 'ஆன் தி காவேரி'. இது நமக்கு விசித்திரமாகப் படும், ஏனெனில் நாம் 'காவிரிக் கரையில்' என்று கரையைக் கூப்பிடாமல் சொல்லமாட்டோம். ஆங்கிலம் கரையை விட்டுவிட்டு ஆற்றையே ஒரு கோடாக்கி, அதை ஒட்டி நிற்கும் ஊரை 'ஆன்' என்கிறது. லண்டன் தேம்ஸுக்கு 'ஆன்' என்பதும் அப்படித்தான். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் தன் பெயருக்குள்ளேயே 'அப்பான் ஏவன்' என்று ஆற்றைச் சுமக்கிறது. மேட்டூர் அணை காவிரிக்கு 'அக்ராஸ்', பாலம் 'ஓவர்' அல்லது 'அக்ராஸ்'. ஆடிப்பெருக்கன்று ஊர் திரள்வது 'அட் தி ரிவர்'; யாரும் குளிக்காவிட்டாலும் அது சரி, ஏனெனில் அன்றைக்கு ஆறு ஒரு நிகழ்ச்சியின் களம்.

பரிசலுக்கு 'இன்' என்றால் பேருந்துக்கு ஏன் 'ஆன்' என்பதைச் சொல்ல வேண்டும். ஏறி, நின்று, நடந்து போகத் தளம் உள்ள ஊர்திகள் 'ஆன்' பக்கம்: பேருந்து, ரயில், கப்பல், விமானம். குனிந்து நுழைந்து ஒடுங்கி உட்கார வேண்டியவை 'இன்' பக்கம்: கார், ஆட்டோ, சிறு படகு. மேலே ஏறி அமரும் சைக்கிளும் குதிரையும் மறுபடி 'ஆன்'. இந்த விளக்கத்தை எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள்; பாதிதான் சரி. மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் கவனித்தது மீதிப் பாதி. ஓடாமல் காலி மனையில் கைவிடப்பட்ட பேருந்துக்குள் பிள்ளைகள் விளையாடினால் அவர்கள் 'இன் தி பஸ்'; அங்கே 'ஆன்' வராது. 'ஆன் தி பஸ்' என்பதற்குப் பேருந்து சேவையில் இருக்க வேண்டும், பயணம் நடக்க வேண்டும். தளம் அப்படியே இருக்கிறது, நடக்க இடமும் இருக்கிறது. வேலை போய்விட்டதால் சொல்லும் போய்விட்டது.

'அட்'தான் மூன்றிலும் கடினம். அதற்குத் தமிழில் நிழல்கூட இல்லை. புள்ளி என்று சொல்லிக்கொடுப்பதால் மாணவர்கள் சிறிய இடத்துக்கு 'அட்', பெரிய இடத்துக்கு 'இன்' என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அளவு இங்கே இரண்டாம் நிலைதான். மேசையருகில் உட்கார்ந்து எழுதுபவர் 'அட் தி டெஸ்க்'. அதே நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுத் தூங்கினால் அந்தச் சொல் பொருந்தாது, தூரம் ஓர் அங்குலம்கூட மாறாவிட்டாலும். வண்டியில் நான்கு பேர் இருந்தாலும் 'அட் தி வீல்' என்பது ஓட்டுபவரை மட்டும் குறிக்கும். அடுப்படியில் பலர் நிற்கலாம். 'அட் தி ஸ்டவ்' என்றால் சமைப்பவர்தான். கடலோடி 'அட் சீ'. கடலில் குளிப்பவர் 'இன் தி சீ'. மாணவர் 'அட் ஸ்கூல்'. பள்ளிக் கட்டடத்துக்குள் குழாய் சரிசெய்ய வந்தவர் 'இன் தி ஸ்கூல்'.

ஹெர்ஸ்கோவிட்ஸ் 'அட்'டில் கண்ட இன்னொரு குணத்தைப் பயிற்சி நூல்கள் அநேகமாகச் சொல்வதில்லை. 'அட் தி சூப்பர்மார்க்கெட்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்பவர் பொதுவாக அந்தக் கடைக்கு வெளியே, தொலைவில் இருக்கிறார். வீட்டிலிருந்து போனில் சொல்ல அது இயல்பு. கடைக்குள் பக்கத்து வரிசையில் நின்றுகொண்டு சொன்னால் நெருடும். 'அட்' இடத்தைப் புள்ளியாக்குகிறது என்றால், அந்தப் புள்ளி பேசுகிறவரின் தொலைவிலிருந்து பிறக்கிறது. இடத்தின் பரப்பளவுக்கு அதில் பங்கு குறைவு. ஒரே விமான நிலையம், காத்திருப்பவரைத் தேடும் உறவினருக்கு 'அட்'. உள்ளே தொலைந்த பெட்டியைத் தேடும் ஊழியருக்கு 'இன்'. 1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் பயனர் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் நடுவே வைத்த குறிக்கும் 'அட்' என்றுதான் பெயர். தொலைவில் இருப்பவரைக் கண்டடைய உதவும் அடையாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடச்சொல் ஆங்கிலத்தில் இல்லை.

ஐயம் தீராதவர்கள் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்கலாம். இலக்கண வகுப்பைவிட அதுதான் நல்ல ஆசான் என்று நினைக்கிறேன். ஆட்டக்காரர் 'அட் தி கிரீஸ்' என்றால் இப்போது அவர்தான் மட்டை பிடிக்கிறார். 'இன் ஹிஸ் கிரீஸ்' என்றால் அவரோ அவர் மட்டையோ கோட்டுக்கு உள்ளே, ரன் அவுட்டிலிருந்து தப்பித்தார். மட்டை 'ஆன் தி லைன்' என்றால் அவுட். கோட்டுக்குப் பின்னால் தொட்டால்தான் செல்லும் என்பது விதி. ஒரு கோட்டைச் சுற்றி மூன்று சொற்கள், மூன்றுக்கும் வெவ்வேறு விளைவு. தனி ஆளாக நிற்பவர் 'அட் ஸ்லிப்', 'அட் பாயிண்ட்', 'அட் மிட் ஆன்'. வரிசையாக நின்றால் 'இன் தி ஸ்லிப்ஸ்'. எல்லைக் கோட்டோரம் நிற்பவர் 'ஆன் தி பவுண்டரி'. ஆட்டம் நடப்பது 'அட்' சேப்பாக்கம், 'இன்' சென்னை.

மேல், கீழ் என்ற அச்சில் சிக்கல் வேறு விதம். நமக்கு 'மேல்' ஒன்று. ஆங்கிலத்துக்கு 'ஆன்' போக 'ஓவர்', 'அபவ்' இரண்டு. 'ஓவர்' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் க்ளாடியா ப்ரக்மன் 1981இல் பெர்க்லியில் முதுகலை ஆய்வேடு எழுதினார். ஜார்ஜ் லேக்காஃப் 1987இல் தன் நூலில் அதை விரித்தெடுத்தார். பயன்பாட்டுக்குத் தெளிவைத் தந்தது 2001இல் கோவன்ட்ரி குழுவினர் வெளியிட்ட குடைச் சோதனை. மழையில் குடை பிடித்த மனிதரின் படங்கள். சிலவற்றில் குடை நேராக, சிலவற்றில் சாய்வாக. சிலவற்றில் மழை அவர்மேல் படவில்லை, சிலவற்றில் நனைகிறார். குடை காக்கிறதா என்பதைப் பொறுத்து 'ஓவர்' ஏறி இறங்கியது. 'அபவ்' அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் குடை நேர் மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. எனவே அளக்கும் இடத்தில் 'அபவ்': உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதை 'ஓவர்' போட்டுச் சொல்வதில்லை. மூடுதல், கடத்தல், காத்தல் இருந்தால் 'ஓவர்': நகரத்தின் மேல் பறக்கும் விமானம், ஆற்றின் மேல் பாலம், முகத்தின் மேல் துணி. 'அண்டர்', 'பிலோ' என்ற சோடியும் இப்படியே.

'இன் ஃப்ரன்ட் ஆஃப்', 'பிஹைன்ட்' என்ற சோடியில் தமிழகத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பெடர்சன் 1990களில் தமிழர்களிடம் ஆய்வு செய்தார். நகரத்துத் தமிழர் இடம், வலம் என்று தன் உடலை வைத்துச் சொல்லும் இடத்தில், கிராமத்துத் தமிழர் வடக்கு, தெற்கு என்று திசையை வைத்துச் சொன்னார்கள். வியப்பில்லை, 'கொஞ்சம் கிழக்கால தள்ளி உக்காரு' என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் வாயிலேயே கேட்டிருக்கிறோம். ஆங்கிலம் அறைக்குள் திசையைக் கூப்பிடாது. பேசுகிறவரின் பார்வை, அல்லது பொருளின் சொந்த முகப்பு என்ற இரண்டில் ஒன்றுதான் அங்கே அளவுகோல். மரத்துக்கு முகப்பில்லை, அதனால் மரத்துக்கு முன் என்பது பார்ப்பவருக்கும் மரத்துக்கும் நடுவே. பேருந்துக்கு முகப்புண்டு, பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குப் பேருந்துக்கு முன் என்பது இரண்டு இடங்களைக் குறிக்கலாம். ஆங்கிலம் பேசுபவர்களே இங்கே ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய ஆங்கிலத்தின் மேற்கு சாக்சன் வழக்கில், இன்றைய 'இன்' செய்யும் வேலையில் பெரும்பகுதியை 'ஆன்' செய்துகொண்டிருந்தது. இரண்டும் தெளிவாகப் பிரிந்தது பின்னால்தான். உயிரோடு என்ற பொருளில் வழங்கும் 'அலைவ்' என்ற சொல்லின் தொடக்கத்தில் உள்ள அகரம் அந்தப் பழைய 'ஆன்'தான். உறக்கத்தைச் சொல்லும் 'அஸ்லீப்'பும் கரையைச் சொல்லும் 'அஷோர்'உம் அதே குடும்பம். அப்படிப் பிரிந்த பாதையில் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஒன்றாக நடக்கவில்லை. தெருவில் விளையாடும் பிள்ளை பிரிட்டனில் பெரும்பாலும் 'இன் தி ஸ்ட்ரீட்', அமெரிக்காவில் 'ஆன் தி ஸ்ட்ரீட்'. அணியில் இருப்பவர் பிரிட்டனில் 'இன்', அமெரிக்காவில் 'ஆன்'. வரிசையில் நிற்பது மற்ற அமெரிக்கர்களுக்கு 'இன் லைன்', நியூயார்க்காரருக்கு 'ஆன் லைன்'. இதற்கெல்லாம் தத்துவம் தேடுவது வீண். பெயர்ச்சொல்லோடு சேர்த்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தீவுகளில் மட்டும் வழக்கமும் காரணமும் கைகோத்து நிற்கின்றன. நிலமாக மட்டும் பார்க்கப்படும் தீவு 'ஆன்'. எல்லையும் அரசும் கொண்ட நாடாகப் பார்க்கப்பட்டால் 'இன்'. அதனால் நெடுந்தீவுக்கு 'ஆன்', இலங்கைக்கு 'இன்'. வெறும் பரப்பளவில் சிங்கப்பூர் சிறியதுதான். ஆனால் நாடு என்பதால் 'இன்'. அதன் தெற்கே உள்ள செந்தோசாவுக்கு 'ஆன்'. முகவரியிலும் இப்படி ஓர் ஏணி உண்டு: கதவு எண்ணுக்கு 'அட்', தெருவுக்கு 'இன்' அல்லது 'ஆன்', ஊருக்கு 'இன்'.

ஐயம் வரும்போது அகராதியை மட்டும் நம்பிப் பயனில்லை. ஒரு சொல்லின் பொருளை அது தரும். எந்தப் பெயர்ச்சொல்லோடு எது எத்தனை முறை வருகிறது என்பதை மொழித்தரவகம்தான் காட்டும். 1994இல் நிறைவடைந்த பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடிச் சொற்கள் உள்ளன. இன்றைய அமெரிக்க ஆங்கிலத் தரவகம் 100 கோடியைத் தாண்டிவிட்டது. இரண்டையும் யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 'கார்னர்' என்று தேடினால் அறையின் மூலைக்கு 'இன்'னும் தெருமுனைக்கு 'ஆன்', 'அட்' இரண்டும் வரிசை வரிசையாக வரும். பத்துப் பதினைந்து வாக்கியங்களைப் படித்து, எந்த இடத்தில் எது, அந்த இடம் பொருளை என்ன செய்கிறது என்று நாமே கண்டுபிடிக்கும்போது அது மறப்பதில்லை.

பிழைதிருத்தி மென்பொருள்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஆங்கிலம் கற்பவர்களின் கட்டுரைகளில் முன்னிடைச்சொல் பிழைகளையும் 'ஏ', 'தி' பிழைகளையும் கணினியால் கண்டுபிடிப்பதற்கென்றே 2012இல் ஆய்வாளர்களிடையே ஒரு போட்டி நடந்தது. அதற்கு முன்பே ஜோயல் டெட்ரோவும் மார்ட்டின் சோடோரோவும் ஓர் அடிப்படைச் சிக்கலைக் காட்டியிருந்தார்கள்: சரியான விடை எது என்று தீர்மானிக்க வைத்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு சொற்களும் பொருந்துகின்றன, பொருள் கொஞ்சம் நகர்கிறது. ஒருவர் தீர்ப்பை மட்டும் வைத்து மென்பொருளை அளந்தால் அளவே பிசகிவிடும். சிவப்புக் கோடு போடப்பட்ட 'அட்' எல்லாம் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இது போதும்.

நம் செய்தித்தாள்களிலும் அழைப்பிதழ்களிலும் காணும் 'அட் சென்னை', 'அட் கோயம்புத்தூர்' பற்றி ஒரு சொல். கருத்தரங்கு ஊரில் நடக்கிறது என்றால் இன்றைய பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு 'இன்'தான். தேர்வெழுதுபவர்களும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு எழுதுபவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது. ஆனால் நம் 'அட்' அறியாமையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. பழைய நிர்வாக ஆங்கிலம் ஊரை ஓர் அலுவலகம் அமர்ந்திருக்கும் இருக்கையாகப் பார்த்தது. அந்தப் பார்வை கோப்புகள் வழியாக நம்மிடம் தங்கிவிட்டது. 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் முறையான ஆங்கிலப் பெயரில் ஊருக்கு முன்னால் நிற்பது 'அட்'தான். 1996இல் ஊரின் பெயர் மாறியது; நீதிமன்றத்தின் பெயரில் மெட்ராஸும் அதன் 'அட்'டும் அப்படியே இருக்கின்றன. அங்கே தாக்கலாகும் மனுவின் தலைப்பு வரி 'இன்' என்று தொடங்கி 'அட் மெட்ராஸ்' என்று முடிகிறது. வழக்கு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் இருக்கிறது, அதனால் முன்னது. நீதிமன்றம் அமர்ந்திருக்கும் ஊர் எது என்று அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் பின்னது.